நடுக்கூட்டத்தின் நயங்கள்

பந்தயம் முடிந்ததும் எல்லோரும் கேட்பது, "யார் ஃபர்ஸ்ட்?" மறுநாள் செய்தித்தாளில் படத்தோடு வருவதும் அந்தப் பெயர்தான். அவருக்கு உரிய பெருமை அவருக்கு. நான் பேச வந்தது, அவருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் ஆயிரக்கணக்கில் வந்து சேரும் கூட்டத்தைப் பற்றி. வங்கி ஊழியர்கள், பள்ளி ஆசிரியைகள், மென்பொருள்காரர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், மருத்துவர் சொன்னாரே என்று நடக்க ஆரம்பித்து ஓட்டத்துக்கு வந்தவர்கள். பரிசு தங்களுக்கு இல்லை என்பது புறப்படும்போதே இவர்களுக்குத் தெரியும். போன ஆண்டு முழுவதும் இந்தக் கூட்டத்தின் நடுவில்தான் ஓடினேன். ஒரு பந்தயத்தைச் சுவைக்க அதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் தீர்மானம். முன்னால் போகிறவருக்குக் காலிச் சாலையும் வழிகாட்டும் வண்டியும்தான் கண்ணில் படும். ஓரத்தில் நின்று பார்ப்பவருக்கு ஒவ்வொரு முகமும் ஒரு நொடிதான். நடுவில் ஓடுகிறவளுக்கோ எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில், நிதானமாக, மணிக்கணக்கில் கிடைக்கிறது.

சென்னை மாரத்தான் ஜனவரித் தொடக்கத்தில் வருகிறது. மார்கழி அப்போது முடிந்திருக்காது. முழு மாரத்தான் ஓடுகிறவர்கள் இருட்டோடு நேப்பியர் பாலத்தருகே கூடுகிறார்கள். கடல்காற்று, வலித் தைலத்தின் நெடி, யாரோ உரிக்கும் வாழைப்பழத்தின் வாசம், மூன்றும் கலந்த மணம்தான் எனக்கு இந்த ஊரின் ஜனவரி. மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டையை 'பிப்' என்கிறோம். நாலு மூலைக்கு நாலு ஊக்கு. தானே நேராகக் குத்திக்கொள்வது கடினம். அதனால் முன்பின் தெரியாத ஒரு பெண்மணியிடம், "கொஞ்சம் குத்தி விடறீங்களா?" என்று போய் நிற்பது வழக்கம். அந்தப் பெண்மணி சட்டையை இழுத்துச் சமன்படுத்தி, எண்கள் கோணாமல், ஊசி தோலில் படாமல் தன் விரலை உள்ளே அணை கொடுத்துக் குத்துவார். ஓரடி பின்னால் நகர்ந்து பார்ப்பார். ஒரு மூலை இறங்கியிருந்தால் கழற்றி மறுபடி குத்துவார். பிறகு தன் பிப்பையும் நான்கு ஊக்குகளையும் என்னிடம் நீட்டுவார். அவர் பெயர் எனக்குத் தெரியும், பிப்பில் அச்சிட்டிருக்கிறது. இந்த ஒரு நிமிடப் பழக்கத்துக்குப் பிறகு அந்த முதுகை எத்தனை கிலோமீட்டர் தள்ளிப் பார்த்தாலும் அடையாளம் தெரியும்.

புறப்பாட்டுக் கோட்டில் தரையில் விரித்திருக்கும் பாயைத்தான் நான் ஆவலாகக் கேட்கிறேன். ஆம், கேட்கத்தான் வேண்டும். பிப்பின் பின்புறம் ஒட்டியுள்ள மெல்லிய சிப் அந்தப் பாயைக் கடக்கும்போது பக்கத்திலிருக்கும் பெட்டி 'கீச்' என்கிறது. முதல் வரிசை கடக்கும்போது கீச், கீச் என்று தனித்தனியாக விழுவது, கூட்டம் நெருங்க நெருங்க ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இடைவெளியில்லாத ஒரே நீண்ட ஒலியாகிவிடும். வெடி வெடித்துப் பல நிமிடங்கள் கழித்துத்தான் நடுக்கூட்டம் கோட்டைத் தொடும். ஆனால் அந்தச் சிப் நம் நேரத்தை நாம் கடந்த நொடியிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறது. ஒரே பந்தயத்துக்குள் ஆளுக்கொரு தொடக்கம். கடைசியில் நிற்பவருக்கும் ஒரு நொடிகூடக் குறையாது. இந்த நியாயத்தை அச்சிட்ட அட்டைக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் ஒட்டிவைத்திருக்கிறார்களே என்று ஒவ்வொரு முறையும் மகிழ்வேன்.

காமராஜர் சாலையில் திரும்பிய சில நிமிடங்களிலேயே இடதுபுறம் உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது, 1959 முதல் அங்கே நிற்கிறது. நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். பேருந்திலிருந்து எத்தனையோ முறை பார்த்ததுதான். ஆனால் ஓடும்போது பார்த்தால் கண் போகும் இடம் வேறு. அந்தக் கால்களை அன்றுதான் கவனித்தேன். பின்னங்காலின் குதிகால் தரையைவிட்டு எழும்பியிருக்க, முன்பாதத்தில் மொத்த எடையும் இறங்கி, கெண்டைச் சதை திரண்டு நிற்கிறது. கெண்டைச் சதை எப்போது திரளும் என்று தன் காலிலேயே அறிந்த ஒருத்திக்கு அந்த வெண்கலத்தின் நுணுக்கம் கூடுதலாகப் புரிகிறது. சாந்தோம் பக்கம் வரும்போது கலங்கரை விளக்கத்தின் ஒளி தலைக்கு மேல் சுற்றிப்போகும். இன்னும் தெற்கே, ஏதோ ஒரு கோவில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் மாவுக் கையோடு நிமிர்ந்து, "எங்கம்மா இத்தனை பேரும் போறீங்க?" என்றார். நின்று பதில் சொல்ல முடியவில்லை. கை காட்டினேன். அவரும் வெள்ளைக் கையை ஆட்டினார்.

பேசர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட நேரத்தில் முடிக்க விரும்புகிறவர்களை வழிநடத்த, அந்த நேரத்தை எழுதிய கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் பேசர். நாலரை மணி நேரக் கொடி என்றால் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 வினாடி. பாலம் ஏறினாலும், தண்ணீர் மேசையில் கூட்டம் தேங்கினாலும், எதிர்க்காற்று அடித்தாலும் அந்தக் கணக்கு நழுவக் கூடாது. தேர்ந்த பேசர் ஏற்றத்தில் சில வினாடிகளை விட்டுக்கொடுத்து, பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியாமல் அடுத்த இரண்டு கிலோமீட்டரில் மெல்ல மெல்ல மீட்டுக்கொள்வார். நல்ல மிருதங்கக்காரர் பாடகரின் காலப்பிரமாணத்தைத் தாங்கிப் பிடிப்பதை டிசம்பர் கச்சேரிகளில் கேட்டுவிட்டு ஜனவரியில் இவர்களோடு ஓடினால் இரண்டும் ஒரே கலை என்று தோன்றிவிடும். அவர் தனியாக ஓடினால் இதைவிட முக்கால் மணி நேரம் முன்னாலேயே முடித்துவிடக் கூடியவர். அன்றைக்குத் தன் வேகத்தை வீட்டில் வைத்துவிட்டு, கொடியைச் சுமந்து, "தோளைத் தளர்த்துங்க, கை முஷ்டியைத் திறங்க, முன்னாடி வேகத்தடை" என்று சொல்லிக்கொண்டே வருகிறார். கோட்டுக்கு நூறு மீட்டர் முன்னால் தான் வேகத்தைக் குறைத்து, தன் கூட்டத்தை முன்னே தள்ளிவிட்டார். அவர் கடைசியாகக் கடந்தபோது நேரம் கொடியில் எழுதியிருந்ததற்கு அரை நிமிடம் குறைவு.

பாதையை அளக்கும் முறையிலும் ஒரு பெருந்தன்மை இருக்கிறது. சர்வதேச விதிப்படி அளக்கப்படும் மாரத்தான் பாதைகளைச் சைக்கிளில் போய் அளக்கிறார்கள். முன்சக்கரத்தில் சுற்று எண்ணும் சிறு கருவி ஒன்றைப் பொருத்தி, வளைவுகளில் ஓரக்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் சைக்கிளைச் செலுத்துவார்கள். பிறகு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் கூட்டுவார்கள். பாதை குறைவு என்று யாரும் எந்நாளும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. அதனால் 42.195 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கும் சாலையில் சுமார் 42 மீட்டர் அதிகம் இருக்கும். நடுக்கூட்டத்தில் ஓடும் எங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடும். ஆளைத் தாண்ட ஒதுங்கி, தண்ணீருக்கு ஓரம் போய், நண்பரைப் பார்த்துக் கையடிக்க எதிர்ப்பக்கம் தாவி ஓடும் ஓட்டம் அல்லவா? கைக்கடிகாரம் கடைசியில் காட்டும் உபரி தூரத்தைப் பார்த்துச் சிலர் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்த உபரிதான் சந்தித்தவர்களின் கணக்கு.

திரும்பி வரும் பாதைகளில் இன்னொரு வாய்ப்பு உண்டு. நாம் தெற்கே போய்க்கொண்டிருக்க, எதிர்ச்சாரியில் முதலிடத்தில் ஓடுகிறவர் வடக்கே திரும்பிவிட்டிருப்பார். முதலில் வண்டியின் விளக்கு, பிறகு அவர். நம் பக்கத்தில் நூற்றுக்கணக்கான கால்கள் தப்தப்பென்று விழும்போது அவர் கால் தரையில் படுவதே கேட்காது. தலை ஏறி இறங்காது. கண் பத்தடி முன்னால் ஒரே புள்ளியில். 1978-ல் ஜலந்தரில் சிவநாத் சிங் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தானை முடித்தார். கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 8 வினாடி. பல பத்தாண்டுகள் அசையாமல் நின்ற சாதனை அது. வெறுங்காலோடு ஓடிப் பேர் பெற்றவர் அவர். அந்த எண்ணைப் புத்தகத்தில் படித்தால் ஒரு தகவல். முதலிடத்தில் ஓடுகிறவர் எதிரே பறந்து போவதை நம் மூச்சிரைப்புக்கு நடுவே பார்க்கும்போதுதான் 3 நிமிடம் 8 வினாடி என்பது எவ்வளவு அருமையான பொருள் என்று உடம்புக்குத் தெரிகிறது.

தூரம் கூடக்கூடப் பேச்சு சுருங்குவதைக் கவனிப்பதில் எனக்கு ஒரு தனி ஆசை. ஐந்தாவது கிலோமீட்டரில் அலுவலகக் கதை, பிள்ளையின் பிளஸ் டூ, மனை விலை எல்லாம் முழு வாக்கியங்களில் ஓடும். பதினைந்தில் முழங்கால், ஷூ, எந்த மருத்துவர் நல்லவர். இருபத்தைந்தில் வினைச்சொற்கள் உதிர்ந்துவிடும்: "தண்ணி?", "ஜெல்?", "ம்ம்." முப்பதுக்கு மேல் தலையசைப்புதான் மொழி. உடம்பு தசையிலும் ஈரலிலுமாகச் சேர்த்துவைக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ 2,000 கலோரிக்குத்தான் காணும். ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கலோரி செலவு. அறுபது கிலோ ஆளுக்கு 32, 33-ல் கஜானா காலி. ஓட்டக்காரர்கள் இதை 'வால்' என்பார்கள், சுவர். சென்னை மாரத்தானில் இருபது மைல், அதாவது 32 கிலோமீட்டர் சொச்சம், என்று ஒரு தனிப் பிரிவே இருக்கிறது. சுவரின் அடிவாரம் வரை வந்து, அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு வகுத்த தூரம் அது. வகுத்தவர்களின் ரசனையை மெச்சுகிறேன்.

அந்த நேரத்தில்தான் மேசைகளின் அருமை தெரியும். தர்பூசணித் துண்டு, பாதியாக நறுக்கிய வாழைப்பழம், கடலை மிட்டாய், எலக்ட்ரால் கரைத்த தண்ணீர், அவித்த உருளைக்கிழங்கு. தர்பூசணியை எல்லோரும் புகழ்வார்கள். நான் உப்பு தூவிய ஆரஞ்சுச் சுளையின் கட்சி. பல் பட்டதும் முதலில் உப்பு, பிறகு புளிப்பு, கடைசியில் இனிப்பு என்று மூன்றும் வரிசையாக வரும். உடம்பு எந்த வரிசையில் இழந்ததோ அதே வரிசையில் திருப்பிக் கொடுப்பதாகத் தோன்றும். தண்ணீர் நீட்டும் கைகளிலும் தேர்ச்சி உண்டு. புதியவர்கள் குவளையை நிறைத்து இறுகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், பாதி மூக்கில் போகும். பழகியவர்கள் பாதிதான் ஊற்றுவார்கள். விளிம்பை இரண்டு விரலால் மட்டும் பிடித்து, கையை முழுதாக நீட்டி, நாம் பற்றும் நொடியில் தம் கையையும் நம் வேகத்தோடு ஒரு முழம் பின்னுக்கு இழுத்து விடுவார்கள். ஒரு சொட்டு சிந்தாது. கல்லூரி மாணவி ஒருத்தி அதைச் செய்ததைப் பார்த்தேன். எத்தனை நூறு குவளைகளுக்குப் பிறகு அந்தக் கைக்கு அது படிந்திருக்கும்!

பிப்ரவரியில் ஆரோவில். இது வேறு உலகம். 2008 முதல் நடக்கும் இந்த மாரத்தானில் முதலிடம், பரிசு என்ற பேச்சே கிடையாது. தார் இல்லாத செம்மண் பாதை, மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறது. முழு தூரம் ஓடுகிறவர்கள் இருட்டில் நெற்றி விளக்கோடும் கைவிளக்கோடும் புறப்படுவார்கள். தாரில் 'தப்' என்று விழும் கால் இங்கே 'ஸ்ஸக்' என்று மண்ணில் அழுந்தும். அந்த ஒலி மாற்றத்தைக் கேட்டதும் முழங்கால் மூட்டு நன்றி சொல்வது எனக்குத் தெரிந்தது. விளக்கு வட்டத்துக்குள் வேர், கல், முன்னால் ஓடுபவரின் குதிகால் கிளப்பும் சிவப்புத் தூசி, அவ்வளவுதான் காட்சி. பிறகு ஒரு நேரத்தில் விளக்கின் ஒளி மங்குவதுபோல் இருக்கும். மங்கியது விளக்கில்லை, விடிந்துவிட்டது என்று புரிய ஒரு நிமிடம் ஆகும். செம்போத்து ஒன்று புதருக்குள் 'ஊப் ஊப்' என்று ஆழமாகக் கூப்பிடும், அதற்குத் தொலைவில் இன்னொன்று பதில் சொல்லும்.

ஆரோவில் தொடங்கியது 1968-ல். அப்போது இந்த மேட்டுநிலம் மழை அரித்துப் பிளந்த செம்மண் பொட்டல். நாங்கள் நிழல் வாங்கி ஓடிய காடு அதன் பிறகு மனிதர் கையால் வரப்பு கட்டி, மழைநீரைத் தேக்கி, நட்டு வளர்த்தது. என்னோடு பேசிக்கொண்டே ஓடிய ஒரு பெரியவர் அந்தக் காட்டைவிட வயதில் மூத்தவர். "நான் பத்தாவது படிக்கும்போது இந்தப் பக்கம் சைக்கிள்ல வருவேன்மா. பனைமரத்தை விட்டா நிழல் கிடையாது" என்றார். சொல்லிவிட்டு ஒரு மரத்தின் தாழ்ந்த கிளைக்குக் குனிந்து கொடுத்தார். எங்கள் இருவரின் கடிகாரத்தையும் நான் அன்று பார்க்கவே இல்லை. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழுவினால் மூன்றாவது அலசலிலும் தண்ணீர் சிவப்பாகவே வந்தது.

ஏப்ரலிலிருந்து ஜூன் வரை எங்கள் பக்கம் பந்தயங்கள் குறைவு. வெயில் காரணம். ஆனால் பயிற்சி நிற்பதில்லை. சென்னையில் பேட்டைக்குப் பேட்டை ஓட்டக் குழுக்கள் உண்டு, அவற்றின் பெயர்களே அழகு: அண்ணா நகரில் கோபுரப் பூங்காவை வைத்து டவர் ட்விஸ்டர்ஸ், அசோக் நகரில் தூணை வைத்து பில்லர் பேசர்ஸ். தன் தெருவை இவ்வளவு நேசித்துப் பெயர் வைக்கிறவர்கள் வேறு எதற்காகவாவது நாலரை மணிக்கு எழுவார்களா? அக்னி நட்சத்திரத்தில்கூட அந்த நேரத்துக்கு ஒரு தணிவு இருக்கும். பால் வண்டி, நாளிதழ்க் கட்டுகளைப் பிரிக்கும் பையன்கள், நாங்கள். பெண்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து சாலையின் நடுவில் ஓடுவோம். பகலில் எங்களுக்கு ஓரம்தான். அந்த ஒரு மணி நேரம் நடுச்சாலை எங்களுடையது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்ததே 1984-ல்தான். அதுவரை பெண் உடம்பு தாங்காது என்றார்கள். எங்கள் குழுவில் அறுபதைத் தாண்டிய அக்கா ஒருவர் அந்த ஆண்டு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர். இப்போது எங்களுக்கெல்லாம் முன்னால் போகிறார்.

ஜூலையில் ட்ரீம் ரன்னர்ஸ் அரை மாரத்தான். செயற்கைக் கால் தேவைப்படுகிறவர்களுக்கு நிதி திரட்டும் ஓட்டம். அப்படிக் கால் பொருத்திக்கொண்டவர்களும் வந்து ஓடுகிறார்கள். சென்னையின் ஜூலைக்கு ஒரு குணம் உண்டு: காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து போகிறது. வியர்வை வழிவதால் உடம்பு குளிராது, ஆவியானால்தான் குளிரும். அதனால் அதே வேகத்தில் ஓடினாலும் இதயத் துடிப்பு மட்டும் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் மேலே மேலே போகும். பத்தாவது கிலோமீட்டரில் ஷூவுக்குள் 'சளக் சளக்' என்று சத்தம் வரும். அன்று என் பக்கத்தில் ஒரு இளைஞன், முழங்காலுக்குக் கீழே வளைந்த ப்ளேடு. இரண்டு கால்களின் ஒலியும் வேறு வேறு. ஷூ விழும்போது கனத்த ஒலி, ப்ளேடு விழும்போது சின்னதாக, கூர்மையாக ஒரு 'டக்'. கனம், கூர், கனம், கூர். அந்தத் தாளத்தில் என் கால்களும் சேர்ந்துகொண்டன. திருப்பங்களில் அவன் உடம்பை உள்பக்கம் சாய்த்த விதம் இருக்கிறதே, அதை நான் இன்றும் பயிற்சியில் முயன்று பார்க்கிறேன். ஒரு பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, "அக்கா, போலாமா?" என்று கேட்டுவிட்டு வேகம் பிடித்தான். நடுக்கூட்டத்தில் அவனைப் பிடிக்க யாராலும் முடியவில்லை.

செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் சாதாராவில் ஒரு மலை ஓட்டம். அதற்குத் தயாராக ஏலகிரி போனோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களோடு. கபிலரையும் பாரியையும் புத்தகத்தில் படித்தவர்கள் அங்கே ஒரே ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு படிக்கலாம். வளைவின் உள்ளோரம் செங்குத்து, வெளியோரம் தூரம் அதிகம் ஆனால் சாய்வு குறைவு. எது லாபம் என்று ஒவ்வொரு வளைவிலும் விவாதம். நான் வெளியோரத்துக்காரி.

சாதாரா மலை அரை மாரத்தான் 2012-ல் தொடங்கியது. ஊருக்குள் கொஞ்ச தூரம் ஓடி, யவதேஷ்வர் மலைச்சாலையில் ஏறி, காஸ் பீடபூமிக்குப் போகும் வழியில் பாதி தூரத்தில் திரும்பி இறங்க வேண்டும். மழைக்காலம் விடைபெறும் நேரம். பாதி வழியில் மேகம் சாலைக்கே இறங்கி வந்தது. முன்னால் ஓடுகிறவர்கள் ஒவ்வொருவராக அதற்குள் கரைந்து போனார்கள், குரல் மட்டும் கேட்டது. பாறைச் சரிவெங்கும் சோன்கி என்று அவர்கள் சொல்லும் சிறு மஞ்சள் பூக்கள். மேற்குத் தொடர்ச்சி மலை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததும் அதே 2012-ல்தான், காஸ் அதில் ஒரு பகுதி. ஆனால் என் நினைவில் தங்கியது ஊர்மக்கள். டோல் மேளம் அடிக்கிறார்கள். பள்ளிக் குழந்தைகள் வரிசையாக நின்று கை நீட்டுகிறார்கள். "சலா, சலா!" என்று பாட்டிமார் ஒன்பது கஜப் புடவையில் நின்று விரட்டுகிறார்கள். கூட்டத்தில் முந்துகிறவருக்கு ஒரு சத்தம், பிந்துகிறவருக்கு ஒரு சத்தம் என்று கிடையாது. கடைசியில் நடந்து வந்தவருக்கும் டோல் அதே வேகத்தில்தான் ஒலித்தது. இறக்கம் இனிக்கும், ஆனால் தொடையின் முன்தசை ஒவ்வொரு அடியிலும் நீண்டுகொண்டே சுருங்கிப் பிரேக் போடுகிறது. அதன் விலை இரண்டாம் நாள் தெரியும். ரயில் நிலையப் படிகளில் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்த இரண்டு பேரைப் பார்த்தேன். "சாதாரா?" என்றேன். "சாதாரா!" என்றார்கள்.

டிசம்பரில் கோயம்புத்தூர். புற்றுநோய்ப் பராமரிப்புக்காக 2013 முதல் நடக்கும் மாரத்தான். ஈரத்தில் நனைந்த சென்னைக்காரிக்கு அந்த வறண்ட குளிர்காற்றே பெரிய விருந்து. வியர்வை வந்த கணமே காய்ந்து, கன்னத்தில் உப்புத் துகளாக நிற்கிறது. ஆரவாரத்திலும் அந்த ஊரின் மரியாதை: "வாங்க வாங்க, இன்னும் கொஞ்சந்தாங்க!" சென்னையில் "விடாத, ஓடு!" என்று கத்துவார்கள். அதில் ஒரு உரிமை. இதில் ஒரு உபசாரம். இரண்டும் காலுக்கு வலு கொடுக்கின்றன.

அங்கே என்னைக் கடந்து போன இருவரைச் சொல்லாமல் விட முடியாது. ஒருவருக்குப் பார்வை இல்லை. மற்றவர் துணை ஓட்டக்காரர். இருவர் கையிலும் ஒரு முழத்துக்கும் குறைவான கயிற்றின் இரு முனைகள். கை வீச்சு, கால் வீச்சு எல்லாம் ஒன்று. துணைவர் நிறுத்தாமல் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே வந்தார்: "வலது வளைவு, மெதுவா. வேகத்தடை, மூணு, ரெண்டு, ஒண்ணு, ஏறிட்டோம். இடப்பக்கம் தண்ணி, வேணுங்களா? நிழல் வருது." நிழலைச் சொன்னதுதான் எனக்கு வியப்பு. கால் வைக்க அது தேவையில்லை. ஓடுகிறவர் முகத்தை நிமிர்த்தி அந்த நிழலை வாங்கிக்கொண்டார். நான் முடிந்த மட்டும் அவர்கள் பின்னாலேயே ஓடி, அந்தச் சாலையை இன்னொரு முறை கேட்டேன். பள்ளத்துக்கு ஒட்டுப் போட்ட இடம், பேக்கரியிலிருந்து வந்த சூடான பன் வாசம், யாரோ வீட்டு மாடியிலிருந்து பூத்தூவியது, எல்லாம் அந்தத் தாழ்ந்த குரலில் இருந்தன.

ஓட்டம் முடிந்த மைதானத்தில் சூடான பொங்கல். பாக்குமட்டைத் தட்டில் விழும்போதே நெய் வாசம். வரிசையில் எனக்கு முன்னால் கண்டாங்கிச் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, கீழே ட்ராக் பேன்ட்டும் ஷூவுமாக ஒரு அம்மா. கழுத்தில் பதக்கம். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "மூணு மணி பத்து நிமிசமுங்க. போன வருசத்தைவிட எட்டு நிமிசம் கம்மி." பக்கத்தில் நின்ற பையன் எட்டாவது கிலோமீட்டரில்தான் ஏற்றம் என்றான். அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்றம் பதினொன்றில், எட்டில் இருந்தது எதிர்க்காற்று என்றார். இல்லை, எதிர்க்காற்று பாலத்தில் என்று பின்னாலிருந்து ஒருவர் சேர்ந்துகொண்டார். மிளகைக் கடித்துக்கொண்டே நாங்கள் நால்வரும் இருபத்தொரு கிலோமீட்டரையும் முதலிலிருந்து ஒருமுறை ஓடி முடித்தபோது, "இன்னொரு கரண்டி போடுங்க தம்பி, சாம்பாரும் தாராளமா" என்று அந்த அம்மா தட்டை மறுபடி நீட்டினார்.